அசல் யோகா எங்கே கிடைக்கும்? டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாயவரத்தில் காலை நேரத்தில் கொஞ்சம் பேருக்கு ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் சொல்லித் தருகிறேன். வகுப்புக்கு வருகிறவர்களைவிட வழியில் நிறுத்திச் சந்தேகம் கேட்கிறவர்கள்தான் அதிகம். டீக்கடை, கல்யாணப் பந்தி, பேருந்து நிலையம் என்று எங்கே போனாலும் கிட்டத்தட்ட அதே கேள்விகள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பதில்கள் என் அபிப்பிராயம், எந்த அமைப்புக்கும் நான் ஆள் பிடிக்கவில்லை.

கும்பகோணத்துல தெருவுக்கு ஒரு யோகா போர்டு இருக்கு. இதுல எதுங்க அசல்?

நெடுஞ்சாலை ஓரமெல்லாம் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று கடை போட்டிருக்கிறார்கள், எல்லாவற்றிலும் பளபளவென்று பித்தளை டவரா செட். கும்பகோணத்துக்காரர் யாரும் அந்த போர்டை நம்பிக் கடைக்குள் போவதில்லை. 'பாரம்பரிய', 'சித்தர் வழி', 'குருகுல' என்று யோகா போர்டில் வரும் சொற்களும் அதே ரகம்தான். யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், கேட்க ஆள் கிடையாது.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். அந்த இடத்தில் ஆறு மாதம் கற்றவர், மாஸ்டர் பக்கத்தில் இல்லாமல், தன் வீட்டில் தானாக அரைமணி நேரம் செய்கிறாரா? செய்கிறார் என்றால் அங்கே சொல்லித் தருகிறார்கள் என்று அர்த்தம். வருஷக்கணக்காகப் போய் வந்தும், எதிரே ஒருவர் நின்று எண்ணிக்கை சொன்னால்தான் கை மேலே போகும் என்றால், அங்கே அவர் கட்டிக்கொண்டிருப்பது சந்தா. இதை 'வீட்டுச் சோதனை' என்று வைத்துக்கொள்வோம், கீழே பல இடங்களில் இதற்கே திரும்பி வருவேன்.

யோகான்னாலே ஆசனம்தானே? வேற என்ன இருக்கு?

பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் ஏறக்குறைய 195. அதில் ஆசனத்துக்கென்று நேராக ஒதுக்கியது மூன்றே மூன்று. அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறார், எந்த ஆசனத்தையும் பெயர் சொல்லி விவரிக்கவில்லை. எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன்னால் பொய் சொல்லாதே, அடுத்தவன் பொருளை எடுக்காதே என்கிற இயமமும், சுத்தம், திருப்தி என்கிற நியமமும் வருகின்றன. பின்னால் மூச்சு, புலனடக்கம், தியானம் எல்லாம் வரிசையாக நிற்கின்றன.

ஒரு மணி நேர வகுப்பில் முழுக்க வளைவதும் நிமிர்வதுமாக இருந்து, சும்மா உட்கார ஐந்து நிமிடம்கூட இல்லை என்றால் அது உடற்பயிற்சி வகுப்பு. உடற்பயிற்சி நல்லதுதான், அதற்காகவே போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். இதற்கு நேர் எதிர்க் கோஷ்டியும் உண்டு, 'ஆசனமெல்லாம் வேண்டாம், நேராகத் தியானம்தான்' என்பார்கள். முட்டியும் இடுப்பும் ஒத்துழைக்காமல் கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்து பாருங்கள், தியானம் முழுக்க முட்டியைப் பற்றியதாகவே இருக்கும்.

நாங்க வயல்ல நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்றவங்க. எங்களுக்கு எதுக்குங்க யோகா?

இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. குந்தி உட்காருவது, தரையில் சம்மணமிடுவது, கை ஊன்றாமல் எழுந்திருப்பது எல்லாம் உங்களுக்கு இயல்பாக வரும். நகரத்தில் இதற்குத்தான் காசு கட்டிப் பழகுகிறார்கள்.

ஆனால் நாற்று நடுகிற பெண்கள் முட்டியை அதிகம் மடக்காமல், இடுப்பிலிருந்து முன்னால் கவிழ்ந்தபடி மணிக்கணக்காகப் பின்னோக்கி நகர்கிறார்கள். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் உள்ள வட்டுகளும் தசைநார்களும் ஒரே பக்கமாக இழுபட்டுக்கொண்டே இருக்கின்றன. இப்படி ஒருவர் வகுப்புக்கு வந்தால், அவரையும் வரிசையில் நிறுத்திப் 'பாதஹஸ்தாசனம், குனிங்க' என்று சொல்கிற மாஸ்டர் எதைச் சொல்லித் தருகிறார்? அவருக்குத் தேவை எதிர்த்திசை. குப்புறப் படுத்து மெதுவாக நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம், கால்களை உயர்த்தும் சலபாசனம் (வலி இல்லாத அளவுக்கு மட்டும்), அப்புறம் மல்லாந்து படுத்து கெண்டைக்காலைத் திண்ணை மேலோ நாற்காலி மேலோ போட்டுக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் கிடப்பது. இவ்வளவுதான். நடவு மும்முரமாக இருக்கும்போது கடைசியாகச் சொன்னது மட்டும் போதும், தை அறுவடை முடிந்து ஓய்வு கிடைக்கும்போது மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

திருபுவனத்தில் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு முன்சாய்ந்து நெய்கிறவருக்கு வேறு மாதிரி, சுவாமிமலையில் சிலைக்கு மேல் கழுத்தைக் கவிழ்த்து வேலை செய்கிறவருக்கு வேறு மாதிரி, கடைக் கல்லாவில் உட்கார்ந்தே இருப்பவருக்கு இன்னொரு மாதிரி. 'என்ன வேலை பார்க்கிறீங்க?' என்று கேட்காமலே பயிற்சியை ஆரம்பிக்கிற இடம் எவ்வளவு பழமையான பரம்பரையாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.

சூரிய நமஸ்காரம் ஐயாயிரம் வருஷம் பழசாமே? மாஸ்டர் சொன்னாரு.

சூரியனை வணங்குவது பழசு. இன்றைக்கு நாம் செய்கிற அந்த அடுக்கு அடுக்கான உடற்பயிற்சியைப் பரப்பியதில் பெரிய பங்கு மராட்டியப் பகுதியில் இருந்த அவுந்த் சமஸ்தானத்து ராஜாவுக்கு உண்டு, அது 1920களில். அதன்பின் 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) யோகசாலை நடத்தினார். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். உலகம் முழுக்க இன்று 'யோகா' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்தச் சிலரிடமிருந்து கிளைத்ததுதான். 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகை என்ற நூல் விவரிப்பது 15 ஆசனங்கள், அவற்றிலும் பெரும்பாலானவை உட்கார்ந்து செய்பவை.

ஐயாயிரம் வருஷம் என்று சொன்ன உங்கள் மாஸ்டர் பொய்யர் என்று சொல்லமாட்டேன். யாரோ சொன்னதை விசாரிக்காமல் திருப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அப்ப இப்ப செய்யறதெல்லாம் டூப்ளிகேட்டா?

இல்லை. நூறு வருஷம் முன்னால் உருவானதால் உங்கள் முதுகு அதை ஏற்க மறுக்காது. நாதஸ்வரக் கச்சேரியும் பரதநாட்டிய மேடையும் இன்றைய வடிவத்தில் எப்போது வந்தன என்று தோண்டிவிட்டா ரசிக்கிறோம்? வயதை வைத்து விலை ஏற்றுகிறார்களே, அதில்தான் எனக்குக் கோபம்.

நம்ம மண்ணோட யோகான்னு தனியா இருக்கா? 'திருமூலர் யோகா'ன்னு கிளாஸ் போடுறாங்களே.

இருக்கிறது, நாம்தான் கண்டுகொள்வதில்லை. திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்துபோக, மாடுகள் அழுவதைப் பார்த்து இரக்கப்பட்ட யோகி அவன் உடலுக்குள் புகுந்து திருமூலர் ஆனார் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. அவருடைய திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் (பகுதி) முழுக்க யோகம். பத்மாசனம், கோமுகம், வீரம், சுகாசனம் என்று ஒரு சில ஆசனங்களைத்தான் பெயர் சொல்கிறார். மூச்சுக்குத்தான் அழுத்தம் அதிகம். இழுக்க 16 மாத்திரை (மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேர அளவு), அடக்க 64, விட 32 என்று கணக்கே கொடுக்கிறார். (இந்த 64-ஐ முதல் வாரத்திலேயே புதிதாக வந்தவரிடம் செய்யச் சொல்கிற வகுப்புகள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். அடக்காமல் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவதே ஆறு மாதத்துக்குப் போதும்.)

அவரோடு முடியவில்லை. காட்டுமன்னார்கோயிலில் பிறந்த நாதமுனிகள் பெரிய யோகி என்று வைணவ மரபு சொல்கிறது. அவருடைய 'யோக ரகசியம்' தொலைந்துபோனது என்றும், இளம் வயதில் ஆழ்வார்திருநகரியில் தியான நிலையில் அது தனக்குக் கிடைத்தது என்றும் மேலே சொன்ன கிருஷ்ணமாச்சாரியார் கூறியிருக்கிறார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நெரூரில் காவிரிக்கரையில் சமாதி கொண்டிருக்கும் சதாசிவ பிரம்மேந்திரரைப் பாட்டுக்காக எல்லோருக்கும் தெரியும், பதஞ்சலி சூத்திரத்துக்கு 'யோக சுதாகரம்' என்று உரை எழுதியவர் அவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இவ்வளவும் இருந்தும், திருமூலர் காலத்திலிருந்து அறுபடாமல் வந்த ஆசன வகுப்பு என்று ஒன்று எந்த ஊரிலும் கிடையாது. 'திருமூலர் யோகா' என்று போர்டு பார்த்தால் உள்ளே போய், எந்தப் பாட்டிலிருந்து எதை எடுத்துச் சொல்லித் தருகிறீர்கள் என்று கேளுங்கள். புத்தகத்தைத் திறந்து காட்டுகிறவர் நல்ல ஆள், உட்காருங்கள். 'அதெல்லாம் ரகசியம், ஓலையில் இருக்கு' என்றால் எழுந்துவிடலாம், திருமந்திரம் எப்போதோ அச்சில் வந்து கடையில் கிடைக்கிறது. பொருளைப் படிக்க ஆசை இருந்தால் திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்களில் நடத்தும் சைவ சித்தாந்த வகுப்பை விசாரிக்கலாம். முட்டி வலிக்கு அங்கே மருந்து கிடைக்காது, அது வேறு படிப்பு.

சர்டிபிகேட் இருக்கான்னு பார்த்துட்டுச் சேர்ந்தா போதுமா?

எந்தச் சான்றிதழ் என்று பாருங்கள். ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது, எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைத்துப் படிப்படியாகச் சான்று தருகிறார்கள். யோகா அலையன்ஸ் என்பது 1999-இல் தொடங்கிய அமெரிக்க அமைப்பு. பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவு செய்து வைக்கிறது, ஒவ்வொரு ஆசிரியரையும் உட்காரவைத்துத் தேர்வு நடத்துவதில்லை. '200 மணி நேரம்' என்று சுவரில் மாட்டியிருப்பார்கள், தங்கிப் படித்தால் ஒரு மாதத்துக்குள் முடிகிற சமாச்சாரம் அது. பி.என்.ஒய்.எஸ். படித்தவர் என்றால் பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருஷம் இயற்கை மருத்துவமும் யோகாவும் படித்திருக்கிறார். நம் பக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் யோகா படிப்புக்கென்றே தனி மையம் உண்டு.

சான்றிதழ் இருந்தால் எந்த நோய்க்கு எதைச் செய்யக்கூடாது என்றாவது படித்திருப்பார் என்று நம்பலாம். சொல்லித் தரத் தெரியுமா என்பதை அது சொல்லாது. ஒரு சான்றிதழும் இல்லாமல், ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார் ஒருவர் பள்ளி மைதானத்தில் அருமையாகச் சொல்லித் தருவதைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் படித்தவர்கள் வீட்டுச் சோதனையில் தேறிவிடுகிறார்கள்.

காசு வாங்கினாலே அது வியாபாரம்தானே? உண்மையான குரு காசு கேப்பாரா?

மடங்களுக்கு நிலம் இருந்தது, நெல் வந்தது, அதனால் படிக்க வந்தவரிடம் கட்டணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாருக்கு அரண்மனை படி அளந்தது. எப்போதும் யாரோ ஒருவர் செலவைத் தாங்கியிருக்கிறார். இன்றைக்கு வாடகை, கரண்ட் பில், பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் இருக்கிற ஒருவர் மாதம் சில நூறு ரூபாய் வாங்குவதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. நானும் வாங்குகிறேன்.

குறைந்த செலவு வேண்டும் என்றால் வழி இருக்கிறது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) சாதாரண ஜனங்களுக்கென்றே எளியமுறை உடற்பயிற்சி வகுத்தார், மனவளக்கலை மன்றங்கள் நம் பக்கத்துப் பெரும்பாலான ஊர்களில் இருக்கின்றன. விபாசனா மையங்களில் பத்து நாள் முகாமுக்குக் கட்டணமே கிடையாது, முடித்தவர் விரும்பினால் மட்டும் நன்கொடை (அது யோகா இல்லை, பௌத்த வழித் தியானம், ஆனால் பண விஷயத்தில் பாடம் கற்றுக்கொள்ளலாம்). இலவசம் என்றவுடன் மயங்கவும் வேண்டாம். மூன்று நாள் இலவசமாகக் கொடுத்துவிட்டு நாலாம் நாள் 'அட்வான்ஸ்டு கோர்ஸ்' என்று நோட்டீஸ் நீட்டுவது பழைய உத்தி. மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை முதல் நாளே சொல்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

முதல் நாள் போனா என்ன பார்க்கணும், என்ன கேக்கணும்?

மாஸ்டரைப் பார்க்காதீர்கள். அவர் தலைகீழாக நிற்கும் ஃபிளெக்ஸ் பேனரை அறவே பார்க்காதீர்கள். பழைய மாணவர்களைப் பாருங்கள். ஐம்பது வயதுக்காரர் எப்படிச் செய்கிறார், குண்டாக இருப்பவருக்கு மாற்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா, யாராவது மூச்சு வாங்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்களா? கடைசியில் அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசனத்துக்கு நேரம் விடுகிறார்களா, இல்லை அடுத்த பேட்ச் வாசலில் நிற்கிறது என்று எழுப்பி விரட்டுகிறார்களா?

கேட்கவேண்டியது மூன்றுதான். நீங்கள் இப்போதும் தினம் செய்கிறீர்களா, யாரிடம் கற்றீர்கள், ஆறு மாதம் கழித்து நான் வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வேன்? கடைசிக் கேள்விக்கு 'ஆன்லைன்ல சேர்ந்துக்கலாம்' என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள். அவரும் உங்களைக் கேட்க வேண்டும்: ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, மாத்திரை என்ன, கர்ப்பமா, வேலை என்ன. எதுவும் கேட்காமல் பணத்தை வாங்கி வரிசையில் நிறுத்துகிற இடத்தில் இரண்டாம் நாள் வேண்டாம்.

மேட், டிரஸ், பிளாக் எல்லாம் வாங்கணுமா அக்கா?

சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று செய்பவற்றுக்கு எதுவும் வேண்டாம். வழவழப்பான டைல்ஸ் தரை என்றால் ரப்பர் மேட் ஒன்று உதவும், விலை குறைந்ததே போதும். உட்காரவும் படுக்கவும் ஜமக்காளத்தை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். பிளாக்குக்குப் பதில் செங்கல்லைத் துணியில் சுற்றிக்கொள்ளலாம், பெல்ட்டுக்குப் பழைய வேட்டி. பெண்களுக்கு லூசான சுடிதார் போதும், இறுக்கிப் பிடிக்கும் உடையை எந்த சூத்திரமும் கேட்கவில்லை.

யூட்யூப் பார்த்தே கத்துக்கலாம்ல?

கற்றதை ஞாபகப்படுத்திக்கொள்ள நல்லது. புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்பேன், ஏனென்றால் செல்போன் உங்களைப் பார்ப்பதில்லை. பத்மாசனத்தில் இடுப்பு மூட்டு போதுமான அளவு வெளிப்பக்கம் திரும்பாவிட்டால் அந்தத் திருகல் முழுக்க முட்டியில் இறங்கும், உள்ளே இருக்கும் சவ்வு கிழியக்கூட வாய்ப்பு உண்டு. பக்கத்தில் ஒருவர் இருந்தால் பாதத்தைப் பார்த்தே நிறுத்திவிடுவார்.

வேறு வழியே இல்லை என்றால், ஜூன் 21 உலக யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட பொது யோகா நெறிமுறையைப் பின்பற்றுங்கள். சுமார் முக்கால் மணி நேரம், பெரும்பாலும் சாதுவான பயிற்சிகள், இலவசம்.

எனக்கு சுகரும் பிபியும் இருக்கு. மூணு மாசம் யோகா பண்ணா மாத்திரையே வேண்டாம்னு சொல்றாங்களே?

சொன்னவர் மருத்துவரா? இல்லை என்றால் அவரிடம் இனிமேல் போகாதீர்கள், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நடுநிலை கிடையாது. யோகா மாத்திரையோடு சேர்ந்து உதவும். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும் என்கிற விதியையும் இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கடைப்பிடிக்க வேண்டாம், சர்க்கரை திடீரென்று இறங்கிப் படபடப்பும் மயக்கமும் வரலாம். பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருங்கள்.

சிரசாசனம் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேண்டாம், கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தால் கட்டாயம் வேண்டாம். தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம் இவற்றில் மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி கூடாது. கழுத்து எலும்பு தேய்மானம் இருந்தால் தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனத்தை மறந்துவிடுங்கள். நோய்க்காகவே யோகா என்றால் தனியார் வகுப்புக்கு முன்னால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பல இடங்களில் இருக்கிறது, ஓ.பி. சீட்டு போட்டுப் போகலாம்.

எங்க பொண்ணை உலக சாதனை பண்ண வைக்கிறேன்னு மாஸ்டர் சொல்றாரு. அனுப்பலாமா?

ஆணிப்பலகை மேல், பானை மேல், தண்ணீருக்குள், மணிக்கணக்காக ஒரே ஆசனம் என்று உள்ளூர்ச் செய்தியில் வாரத்துக்கு ஒரு குழந்தை வருகிறது. இந்தச் சாதனைகளைப் பதிவு செய்யும் தனியார் அமைப்புகள் ஏராளம், பதிவுக்குக் கட்டணமும் உண்டு. மாஸ்டருக்கு விளம்பரம், பள்ளிக்கு விளம்பரம், பெற்றோருக்கு ஃபோட்டோ. குழந்தைக்கு என்ன?

உடம்பு இயல்பாகவே அதிகம் வளைகிற குழந்தைகளைத்தான் இதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களுக்குத்தான் மூட்டு தளர்ந்துபோகும் ஆபத்தும் அதிகம். உங்கள் பெண்ணுக்கு விளையாட்டாகச் செய்யப் பிடித்திருந்தால் செய்யட்டும். மேடை வேண்டாம்.

ஆம்பள மாஸ்டர் தொட்டுத் தொட்டுத் திருத்துறாரு, சங்கடமா இருக்கு. சொன்னா தப்பா நினைப்பாரோ?

நினைத்தால் நினைக்கட்டும். தொடுவதற்கு முன் கேட்பதும், வேண்டாம் என்றால் வாயாலேயே திருத்துவதும் ஆசிரியரின் கடமை. நன்றாகச் சொல்லித் தரத் தெரிந்தவருக்குக் கையே தேவைப்படாது. சொன்ன பிறகும் தொடர்ந்தால் வகுப்பை விடுங்கள், கூடப் படிக்கும் பெண்களிடமும் சொல்லுங்கள், எல்லை மீறினால் மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. 'குருவுக்கு ஆண் பெண் வித்தியாசம் கிடையாது' என்று யாராவது ஆரம்பித்தால் அந்தப் பேச்சையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்க நாகூர் பக்கம், முஸ்லிம். ஓம் சொல்லாம யோகா கத்துக்க முடியுமா?

முடியும். வேளாங்கண்ணிக்காரர் ஒருவரும் இதையேதான் கேட்டார். யோகாவில் மதமே இல்லை என்று மழுப்பமாட்டேன், மந்திரமும் வணக்கமும் பலருக்கு வழிபாடுதான். மற்றவர்கள் சொல்லும்போது நான் அமைதியாக இருந்துகொள்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் நீங்கள் மட்டும் இல்லை, நானும் சேரமாட்டேன். சூஃபி கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களை எடுத்துப் பாருங்கள், யோகச் சொற்கள் கொட்டிக் கிடக்கும்.

மூணு நாள்ல குண்டலினியை எழுப்பித் தர்றோம்னு நோட்டீஸ் வந்துச்சு. நிஜமா?

மதயானையை வசப்படுத்தலாம், புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று தாயுமானவர் பாடிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கே அரிதாக இருந்தது மூன்று நாளில் ஜி.எஸ்.டி.யோடு கிடைக்கிறதாம்.

கேலி ஒருபக்கம் இருக்கட்டும், இதில் நிஜமான ஆபத்து இருக்கிறது. தூக்கத்தைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, மணிக்கணக்காக வேக மூச்சும் இசையும் கொடுத்தால் யாருக்கும் உடம்பு நடுங்கும், அழுகை வரும், வெளிச்சம் தெரியும். வேக மூச்சில் கரியமில வாயு குறைவதால் விரல் மரத்து இழுத்துக்கொள்வதும் தலை சுற்றுவதும் சாதாரணம், அதையே 'சக்தி இறங்குது' என்று விளக்குவார்கள். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், முன்பு மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ வந்தவர்கள் இந்த மாதிரி முகாம்கள் பக்கமே போக வேண்டாம்.

ஒரு இடத்துல நாலு லெவல் முடிச்சிட்டேன். இப்ப அஞ்சாவது லெவலுக்குப் பெரிய தொகை கேக்கறாங்க. விட்டா குரு துரோகம் ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

முதல் நாலு லெவலில் கற்றதை இப்போது வீட்டில் தினம் செய்கிறீர்களா? செய்யவில்லை என்றால் ஐந்தாவது எதற்கு? செய்கிறீர்கள் என்றால், அதில் என்ன குறை தெரிகிறது, அந்தக் குறையை ஐந்தாவது எப்படித் தீர்க்கும் என்று அவர்களையே கேளுங்கள்.

துரோகம் என்கிற பயம் நம் ஊரில் ஆழமாக ஊறியது, மடங்களும் தீட்சையும் புழங்குகிற மண் இது. தீட்சை வாங்கிக்கொண்டு ஒருவரைக் குருவாக ஏற்றிருந்தால் அது உங்களுக்கும் அவருக்கும் நடுவே உள்ள விஷயம், நான் தலையிடவில்லை. ரசீது கொடுத்துப் பயிற்சி நடத்துகிறவர் வாத்தியார். டியூஷன் மாற்றினால் பாவம் வருமா என்ன? நன்றி சொல்லிவிட்டு வெளியே வரலாம். வெளியே வந்தவர்களைப் பற்றி அங்கே எப்படிப் பேசுகிறார்கள் என்றும் கவனியுங்கள். 'அவன் விழுந்துட்டான்' என்று பேசுகிறார்கள், வீட்டுக்காரர்களிடம் பயிற்சியைப் பற்றிப் பேசக்கூடாது என்கிறார்கள், ஆள் சேர்ப்பதையே சேவை என்கிறார்கள், நகையோ நிலமோ பேச்சில் வருகிறது என்றால் தொகை சின்னதா பெரிதா என்று யோசிக்காமல் கிளம்பிவிடுங்கள்.

எனக்கு நல்லா வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நானே கிளாஸ் எடுக்கலாமா?

உங்களுக்கு நன்றாக வருவது ஒரு தகுதியாகவே கணக்கில் வராது. எதுவும் வராத, வலியோடு இருக்கிற ஒருவருக்குச் சொல்லித் தர முடிகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நாற்காலியில் உட்காரவைத்துத் தோளும் கணுக்காலும் அசைக்கச் சொல்லிக் கொடுங்கள், இரண்டு மாதம் கழித்து அவர் உங்களைக் கூப்பிடாமலே செய்கிறாரா என்று பாருங்கள். அதோடு மேலே சொன்ன யோகா சான்றளிப்பு வாரியத்தின் தேர்வையும் முதலுதவிப் பயிற்சியையும் முடித்துவிடுங்கள்.

நேரத்தை யோசித்து வையுங்கள். எல்லோரும் காலை ஐந்தரை மணிக்கு வகுப்பு வைக்கிறார்கள், அது அடுப்படியில் இருக்கிற பெண்களுக்கு ஒத்தே வராத நேரம். பதினொரு மணிக்கு வைத்துப் பாருங்கள், இட்லி சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும், பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள். கட்டணத்தைச் சுவரில் எழுதி மாட்டுங்கள். கட்ட முடியாதவர் யார் என்று சின்ன ஊரில் உங்களுக்கே தெரியும், அவரிடம் கேட்க வேண்டாம், அதை மற்றவர்களிடம் சொல்லவும் வேண்டாம். போர்டில் உங்கள் பெயர், நேரம், ஃபோன் நம்பர் இருந்தால் போதும், சித்தர்களை இழுக்காதீர்கள்.